தொட்டியில் தண்ணீர் ஏறும்போது உங்கள் ஸ்டாண்டு சத்தம் போட்டதுண்டா?

பாளை தங்கமீன்

நாலடி மீன் தொட்டி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. இரும்பு ஆங்கிள் வேண்டாம், மரத்தில்தான் ஸ்டாண்டு என்று வீட்டில் முடிவாகிவிட்டது. சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து ஒரு ஆசாரி வந்தார். கதவு, நிலை, கட்டில் என்று காலமெல்லாம் செய்தவர். மீன் தொட்டிக்குச் செய்வது அவருக்கு இதுதான் முதல். வேங்கைக் கட்டை, மூன்றுக்கு மூன்று அங்குலக் கால். மேல் சட்டம், கீழ்ச் சட்டம் எல்லாவற்றுக்கும் கழுந்து போட்டு, அதாவது ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் இறக்கி, மூங்கில் ஆணி அடித்து இறுக்கினார். ஒரு ஸ்க்ரூ கிடையாது. நான் ஸ்க்ரூ டப்பாவை நீட்டினேன். வாங்கி, திறந்து பார்த்து, மூடி, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டார்.

தொட்டியை ஏற்றி, மணல் பரப்பி, ஹோஸில் தண்ணீர் விட்டோம். முக்கால் தொட்டி நிறைந்திருக்கும். 'டக்'கென்று ஒரு சத்தம். அடுக்களையிலிருந்து என் மனைவி, "என்னத்தப் போட்டு உடைச்சிய?" என்று கேட்கும் அளவுக்குச் சத்தம். மகன் ஓடிவந்து தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், அவன் பிடித்தா நிற்கப்போகிறது. ஆசாரி மட்டும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. "மரம் உக்காருது அண்ணாச்சி. நீங்க தண்ணிய விடுங்க."

விட்டோம், நிறைந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவிலேயே நிற்கிறது. ஆனாலும் ராத்திரி ஹாலில் விளக்கை அணைக்கப் போனால் காது தானாக அந்தப் பக்கம் போகிறது. அந்த 'டக்' என்ன? வேறு யார் வீட்டிலாவது கேட்டிருக்கிறதா?

வண்ணார்பேட்டை வாசி

எங்கள் வீட்டில் கேட்ட சத்தம் வேறு. 2023 டிசம்பர் வெள்ளம். 17ஆம் தேதி பிடித்த மழை விடவில்லை, மறுநாள் ஆறு எங்கள் தெருவுக்குள் இருந்தது. அந்தக் கதையை முழுசாகச் சொல்ல வேண்டாம், நம்ம ஊரில் ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம்.

மெத்தை, அரிசி மூட்டை, பத்திரப் பெட்டி எல்லாம் மாடிக்கு ஏறிவிட்டது. மூன்றடித் தொட்டியை யார் தூக்குவது? ஸ்டாண்டு கடையில் ரெடிமேடாக வாங்கியது. மேலே தேக்கு வரி போட்ட தாள் ஒட்டிப் பளபளவென்று இருக்கும், உள்ளே மரத்தூள் பலகை. மாடிப்படியில் நின்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஸ்டாண்டு கிட்டத்தட்ட முழுசாக முங்கிக் கிடக்கிறது, கண்ணாடிக்கு நாலு விரல் கீழே கலங்கல் தண்ணீர், அதில் எங்கள் வீட்டுச் செருப்புகள் மிதக்கின்றன. தொட்டிக்குள் ஏஞ்சல் மீன் இரண்டும் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கின்றன.

வடிந்த பிறகுதான் கூத்து. பலகை டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி ஊதிப்போய்விட்டது. கதவு திறக்கவில்லை. ஸ்க்ரூ பிடித்திருந்த இடமெல்லாம் விரல் வைத்தால் உதிர்கிறது. நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து நிற்க, தங்கச்சி செம்பால் மொண்டு மொண்டு தண்ணீரைக் குறைத்தாள். பாதி குறைந்திருக்கும்போது ஸ்டாண்டு 'கிர்ர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம் போட்டு என் முழங்கால் பக்கம் சாய்ந்தது. ஒரு 'டக்'கோடு போயிற்றென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர் அண்ணாச்சி.

மீன் பிழைத்தது. ஸ்டாண்டு அடுத்த நாள் தெருமுனைக் குப்பையில்.

ரசமட்டம்

'மரம் உட்காருகிறது' என்று சொல்லி நழுவுகிற ஆசாரிமாரை நானும் பார்த்திருக்கிறேன். சத்தம் வந்தால் எங்கோ ஏதோ நகர்ந்திருக்கிறது. தொட்டி ஸ்டாண்டில் எதுவும் நகரக் கூடாது.

என் கதை சின்னது. மாமனார் வீட்டில் நாலு கால் மட்டும் வைத்த மர ஸ்டாண்டு, பேரப்பிள்ளை ஓடிவந்து மோதினான். தண்ணீர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலையடித்துத் தரையில் கொட்டியது, ஸ்டாண்டு அந்த அலையோடு சேர்ந்து ஆடியது. தண்ணீர் நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டிருந்தது. அது இன்னும் கண்ணில் நிற்பதால் நாலு வார்த்தை.

எல்லோரும் எடையைக் கண்டு பயப்படுகிறார்கள், அண்ணாச்சி தொட்டிக்கே கணக்குப் போடுவோம். நாலு, ஒன்றரை, ஒன்றரை: ஒன்பது கன அடி. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம், ஆக மொத்தம் 255 லிட்டர், அதாவது 255 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி என்றால் அது ஒரு 50 கிலோ. மணல், கல் 40 கிலோ. 350 கிலோ என்று வையுங்கள். நாலு காலுக்குப் பிரித்தால் காலுக்கு 90 கிலோகூட இல்லை. மூன்றுக்கு மூன்று கட்டையின் முகம் 58 சதுர சென்டிமீட்டர், அப்படியானால் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோ. நார்ப்போக்கில் நிற்கிற வேங்கையோ தேக்கோ நூற்றுக்கணக்கான கிலோ தாங்கும். கால் நொறுங்கி எந்த ஸ்டாண்டும் விழாது. பக்கவாட்டில் சரிந்துதான் விழும்.

அதனால் முதல் வேலை, பின்பக்கம் முழுசாக 12 மி.மீ. பிளைவுட் அடித்து மூடுவது. ஐ.எஸ். 710 (கடல்தரப் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ளது வாங்குங்கள், தண்ணீர் பட்டாலும் அடுக்கு பிரியாது. 710 என்று வாயால் சொன்னால் போதாது, பலகையில் அச்சு இருக்க வேண்டும். பிளைவுட் இல்லையென்றால் குறுக்குச் சட்டமாவது கொடுங்கள். அடுத்தது, மேல் சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். காலின் பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டு ஒட்டவைத்தால் மொத்தப் பளுவும் ஸ்க்ரூவின் கழுத்தில்தான் தொங்கும். அப்புறம் தரை. பழைய வீடுகளில் கழுவிவிட வசதியாக முற்றத்துப் பக்கம் வாட்டம் விட்டிருப்பார்கள், ரெட் ஆக்சைடு தரையில் கண்ணுக்குத் தெரியாது. மாடியில் வைப்பவர்கள் சுவரை ஒட்டி வையுங்கள். மேல்தளம் மரவிட்டம் போட்டது என்றால் விட்டத்துக்குக் குறுக்காகத் தொட்டி நிற்கட்டும், இரண்டு மூன்று விட்டம் பளுவைப் பங்கு போட்டுக்கொள்ளும். வார்னிஷ் அடிக்கும்போது காலின் அடிப்பாகத்தை மறக்காதீர்கள், தரை துடைக்கிற ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான்.

பாளை தங்கமீன்

தம்பி, கணக்கெல்லாம் சரி. நான் கேட்டது அந்தச் சத்தம் என்ன என்று. பின்பக்கத்துக்குப் பிளைவுட் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, ஆசாரியும் சொல்லவில்லை. அவர் குறுக்குச் சட்டம் போட்டிருக்கிறார். மூலையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தேன், ஆடவில்லை.

மேலப்பாளையத்தான்

சத்தமே போடாத ஸ்டாண்டு கதை சொல்கிறேன். ரெண்டரை அடித் தொட்டி. ஸ்டாண்டோடு சேர்த்து வாங்கியது, கடைப் பையன்தான் வந்து வைத்தான். ஒரு கால் தரையில் படவில்லை. அட்டையை மடித்து அடியில் செருகி, "சரியாயிரும் பாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வாப்பா அப்போதே முகத்தைச் சுளித்தார்.

ராத்திரி ஃபில்டர் வயரைச் சொருக ஸ்டாண்டுக்குள் குனிந்திருந்தேன். மேல் சட்டத்தில் பலகை கிடையாது, நாலு ஓரமும் நடுவில் ஒரு கட்டையும்தான், அடிக்கண்ணாடி நேராகத் தெரியும். என் கண் முன்னால் ஒரு மூலையிலிருந்து கோடு ஒன்று கிளம்பியது. சத்தம் இல்லை. கொஞ்சம் போய் நின்றது. அப்புறம் வளைந்து நடுக்கட்டைப் பக்கம் போயிற்று. அதற்குப் பிறகுதான் முதல் சொட்டு என் கழுத்தில் விழுந்தது. உம்மாவும் நானும் வீட்டிலிருந்த வாளி, அண்டா எல்லாம் எடுத்தோம். பிரியாணிச் சட்டியில்தான் கப்பி மீன்கள் ராத் தங்கின.

அட்டை ஒரு பக்கம் ஈரத்தில் அமுங்கிவிட்டது, சட்டம் முறுக்கிக்கொண்டது, கண்ணாடிக்கு வளையத் தெரியாது. அதனால் ரசமட்டம் சொல்வதுபோல எல்லாச் சத்தமும் கேடு என்று நான் நினைக்கவில்லை. சத்தம் போடுகிற மரம் எச்சரிக்கவாவது செய்கிறது.

ரசமட்டம்

பாய், அடியில் தெர்மகோல் போட்டிருந்தார்களா? அரை அங்குலத் தாள் ஒன்று போட்டால் சின்ன மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் வைத்து வருகிற தொட்டிக்கு மட்டும் போடக் கூடாது. அதில் அடிக்கண்ணாடி அந்தரத்தில் நிற்க வேண்டும்.

மேலப்பாளையத்தான்

போட்டிருந்தது. முறுக்கிய சட்டத்தைத் தெர்மகோல் நிமிர்த்தாது.

கல்லிடை மருமகள்

ஒரு வேளை எல்லோரும் புது மரம் வாங்குபவர்கள் போல. எங்கள் மாமனார் அம்பாசமுத்திரத்தில் பழைய வீடு இடித்த சாமான் விற்கிற இடத்தில் ஒரு தேக்கு நிலையை வாங்கி வந்தார். நல்ல கனம், வைரம் பாய்ந்த கட்டை, விலையும் புதுத் தேக்கில் பாதிகூட இல்லை. அதை அறுத்தால் மூன்றடித் தொட்டிக்கு ஸ்டாண்டு வந்துவிடும் என்று ஆசாரியும் சொல்லிவிட்டார்.

ஆச்சி வந்து பார்த்தார். கீழ்ப்படியில் மஞ்சள் ஏறிப் போய்ப் பழுப்பாக நிற்கிறது, மூன்று குங்குமப் பொட்டின் தடம் அப்படியே இருக்கிறது. "யார் வீட்டு வாசலோ. இதுல போயி மீனத் தூக்கி வைக்கப்போறியளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மாமனாருக்குப் பேச்சு வரவில்லை. ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆசாரி எங்கள் முகத்தையே பார்க்கிறார்.

கடைசியில் ஆசாரிதான் வழி கண்டுபிடித்தார். பொட்டு இருந்த துண்டை அறுக்காமல், இழைக்காமல், அப்படியே முன்பக்க மேல் சட்டமாக வைத்தார், கால் படாத உயரம். மற்ற எல்லாவற்றையும் இழைப்புளி போட்டுப் பளபளப்பாக்கிவிட்டார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வீட்டு நிலைக்குப் பொட்டு வைத்தவர், கிண்ணத்தோடு ஹாலுக்கு வந்து தொட்டி ஸ்டாண்டுக்கும் வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை வைக்கிறார். வருகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதுதான் எனக்குப் பாடு.

பழைய மரம் எடுப்பவர்கள் ஒன்று மட்டும் பாருங்கள்: உள்ளே முறிந்த ஆணி கிடக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் அறுப்பு மெஷினில் விடாதீர்கள்.

தேரிக்காட்டான்

தேக்கு வேங்கை என்று பேசுகிறீர்கள், எங்கள் பக்கம் பனை. தாத்தா வீட்டு ஓட்டுக் கூரையிலிருந்து இறக்கிய பனங்கை கிடந்தது, கருத்து வைரம் ஏறினது. ஆசாரி முதல் ஆணியை அடித்தார், வளைந்தது. அடுத்ததும் வளைந்தது. வளைந்த ஆணியை என் உள்ளங்கையில் வைத்து, "இந்தா, ஒங்க தாத்தாகிட்ட குடு" என்றார். பிறகு எல்லாம் துளை போட்டுப் போல்ட்தான். உளியைத் தீட்டித் தீட்டி மனிதர் ஓய்ந்துபோனார். கையெல்லாம் சிலாம்பு. ஸ்டாண்டு மட்டும் அசையாமல் நிற்கிறது. அடுத்த வேலைக்குக் கூப்பிட்டேன், "பனையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவதாகச் சொன்னார்.

உளிச்சத்தம்

அப்பா ஆசாரி. நான் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்துவிட்டேன், ஆனாலும் பட்டறையில் வளர்ந்தவன், தங்கமீன் அண்ணாச்சிக்குப் பதில் சொல்கிறேன். கழுந்து துளைக்குள் எவ்வளவு தட்டி இறக்கினாலும் தாள் கனத்துக்கு எங்காவது இடைவெளி நிற்கும். பளு ஏற ஏற உரசல் பிடித்துக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் விட்டு இறங்கும். அதுதான் உங்கள் 'டக்'. ஒரே தடவை, முதல் நிரப்பில், பளு ஏறிக்கொண்டிருக்கும்போது வந்தால் கவலை இல்லை. அப்பாவும் கட்டில் பூட்டினால் எங்களை ஏறிக் குதிக்கச் சொல்வார், அந்தச் சத்தம் கடையிலேயே வந்துவிடட்டும் என்று.

நிறைந்து பல நாள் கழித்து, யாரும் தொடாதபோது வந்தால் வேறு கதை. ஆனி, ஆடிக் காற்றில் மரம் வறண்டு சுருங்கும், ஐப்பசியில் ஊறிக்கொள்ளும். பச்சை மரத்தில் செய்திருந்தால் அந்தக் காற்றில் கழுந்து தளர்ந்துவிடும். மூங்கில் ஆணியின் தலை துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துருத்தினால் தொட்டியைக் காலி செய்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது சுத்தியலை எடுக்க வேண்டாம்.

ரசமட்டம் அண்ணனுக்கு: எதுவும் நகரக் கூடாது என்பது இரும்புக்குச் சரி. மரம் பருவத்துக்குப் பருவம் நகரும். நகர இடம் விட்டுத்தான் கழுந்து போடுகிறார்கள்.

ரசமட்டம்

நகர இடம் விட்டது போதும், பின்பக்கம் பிளைவுட் அடித்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை வாசி

பிளைவுட் சண்டை ஓயட்டும். நான் இப்போது புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை வேங்கை. உயரம் எவ்வளவு என்று ஆசாரி கேட்டார். ரெண்டரை அடி என்று நான் சொல்ல, வெள்ளம் வந்தால் என்ன செய்வாய், மூணரை வை என்று மச்சான் சொல்ல, நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆசாரி எங்கள் அப்பாவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, முழக்கோலைத் தரையில் ஊன்றி, அவர் கண் மட்டத்தில் பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டார். "நாள் முழுக்கப் பாக்கப்போறது இவுகதான?" மச்சானுக்குக் கோபம். கோட்டுக்குத் தொட்டியின் நடு வர வேண்டுமென்றால் ஸ்டாண்டு ரெண்டேகால் அடிக்கு மேல் போகாது. சுவரில் 2023 வெள்ளக் கறை அதற்கு மேலே இருக்கிறது.

அப்பா கோட்டை அழிக்க விடமாட்டேன் என்கிறார். மரம் சனிக்கிழமை வருகிறது, அதற்குள் யாராவது மச்சானிடம் பேசுங்கள்.