கேப் டவுன் கோட்டைக்கும் கேப் பாயிண்டுக்கும் தனியாகப் போனவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

ஜோபர்க்_சேலத்தான்:
போன மாதம் போய் வந்தேன். சுற்றிப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

காலையில் கோட்டை. டோங்கர் காட் தெரியுமில்லையா, அந்த இருட்டுக் கொட்டடி. வார நாள் என்பதால் கூட்டமே இல்லை. கைடோடு நானும் ஒரு பெரியவரும்தான். பயமாக இருந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, கைடு விளக்கை அணைத்துக் கதவையும் சாத்தினார். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியவில்லை. சுவரைத் தொட்டால் சில்லென்று ஈரம். அப்போது பக்கத்தில் மெதுவாக ஒரு குரல்: "முருகா."

வெளியே வந்ததும் நான் தமிழில் கொட்ட ஆரம்பித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். டர்பன்காரர், கோவெண்டர் (நம்ம கவுண்டர்தான் இங்கே அப்படி ஆகிவிட்டது). தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவராம். இவருக்கு மிஞ்சிய தமிழ் முருகா, தண்ணி, கஞ்சி, போதும். போனில் ஒரு படம் காட்டினார். கப்பல் பதிவேட்டின் நகல். கூலி எண், அப்பா பெயர், வயது, ஜில்லா வட ஆற்காடு. ஊர் என்ற இடத்தில் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி கிறுக்கியிருக்கிறான். "கொலாட்டூர்" என்று படிக்கலாம். இது எங்கே இருக்கிறது, தெரியுமா என்று கேட்டார்.

வட ஆற்காட்டில் வேலூர் பஸ் ஸ்டாண்டைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் "தெரியும் ஐயா, கொளத்தூர், நான் போயிருக்கிறேன்" என்று வாயில் வந்துவிட்டது. பெயருக்கு என்ன அர்த்தம் என்றார். குளம் இருக்கிற ஊர் என்றேன். இப்போதும் இருக்கிறதா? இருக்கிறது, தாமரைகூட இருக்கிறது என்றேன். தாமரை எங்கிருந்து வந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

மதியம் டாக்சி பிடித்து கேப் பாயிண்ட். இரண்டு கடலும் சேர்கிற இடம், அவ்வளவு பெரிய பாறைச் சுவர், கீழே வெள்ளையாக டயஸ் பீச். எதுவும் மனசில் ஏறவில்லை. தாமரைதான் ஓடிக்கொண்டிருந்தது.

நைட்_ட்யூட்டி_அக்கா:
தம்பி, வாய் தவறி ஒரு பொய். விடுங்கள். என் கதையைக் கேளுங்கள்.

நன்னம்பிக்கை முனை பலகைக்கு முன்னால் ஒரு போட்டோவுக்காக இறங்கினேன். கார்க் கதவை மூடவில்லை. திரும்பினால் டிரைவர் சீட்டில் ஒரு பபூன் குரங்கு, என் டிபன் பாக்ஸைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. புளிசாதம். வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. மிளகாய் வற்றலை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு டேஷ்போர்டில் வைத்தது. எங்கள் வீட்டுக்காரர் அப்படியே இதே மாதிரிதான் ஓரம் கட்டுவார். பயத்தில் நடுங்கிக்கொண்டே சிரித்தேன். ஒரு காவலர் வந்து விரட்டும்வரை மிளகாயைத் தவிர எல்லாம் காலி. சீட்டில் புளி வாடை இன்னும் போகவில்லை.

அகுலாஸ்_வாத்தியார்:
மன்னிக்கவும், சேலத்தார் சொன்னதில் ஒரு தவறு. இரண்டு கடலும் சேர்கிற இடம் கேப் பாயிண்ட் அல்ல. ஆப்பிரிக்காவின் தென்முனை அகுலாஸ், கேப் பாயிண்டிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இந்து, அட்லாண்டிக் பெருங்கடல்களின் எல்லைக்கோடும் அங்கேதான். கேப் பாயிண்டில் டிக்கெட் வாங்கிப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.

இன்னொன்று. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் 342 இந்தியர்களோடு டர்பன் வந்ததிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். அந்தக் கோட்டையை டச்சுக்காரர்கள் 1666-இல் தொடங்கி 1679-இல் முடித்தார்கள். அதே காலத்தில் வங்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கேப்புக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுவர்களுக்குள் "முருகா" என்று முதலில் சொன்னவர் கோவெண்டர் ஐயாவாக இருக்க வாய்ப்பில்லை.

அக்கா, காருக்குள் சாப்பாட்டை வெளியே தெரிகிற மாதிரி வைக்கக் கூடாது. கதவைப் பூட்ட வேண்டும், சாத்தினால் போதாது, பபூனுக்குக் கைப்பிடி இழுக்கத் தெரியும். தனியாகப் போகிறவர்கள் திரும்பிவர வண்டியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கோடையில் தென்கிழக்குக் காற்று ஆளைத் தள்ளும், விளிம்பில் நின்று செல்பி வேண்டாம். சாப்மன்ஸ் பீக் சாலை வழியாகப் போவதானால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், கல் சரிந்தால் மூடிவிடுவார்கள். மேலே இருக்கிற பழைய கலங்கரை விளக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். அதை மேகம் அடிக்கடி மறைத்ததால் கப்பல்களுக்கு வெளிச்சம் தெரியவில்லை. 1911-இல் லூசிடானியா என்ற போர்த்துகீசியக் கப்பல் பாறையில் மோதிய பிறகுதான் கீழே 87 மீட்டர் உயரத்தில் இன்னொன்று கட்டினார்கள். நடந்து போனால் அதையும் பார்க்கலாம்.

என் அனுபவம்: தொப்பி பறந்துவிட்டது.

சட்ஸ்வொர்த்_பேரன்:
நான் இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவன். தமிழ் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

அந்தத் தாத்தா சொன்ன கஞ்சி, எங்கள் மாரியம்மன் கோயில் கஞ்சி. தமிழ் போன பிறகும் அந்தச் சொல் போகாது. புரட்டாசியும் போகாது, எங்கள் தெருவில் அந்த மாதம் கறி வாசனையே வராது.

சேலம் அண்ணன் மேல் எனக்குக் கோபம். எங்கள் அப்பாவிடமும் அதே மாதிரி காகிதம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் காட்டுவார். ஒருவர் காஞ்சிபுரம் பக்கம் என்றார். ஒருவர் திருவண்ணாமலை என்றார். ஒரு ஐடி பையன் தன் மாமா ஊர் என்றான். அப்பா எல்லாவற்றையும் காலண்டர் பின்புறம் எழுதி வைத்தார். பிறகு டிக்கெட் வாங்கினார். போன இடத்தில் அவருக்கு இளநீர் கொடுத்தார்கள், எங்கள் குடும்பப் பெயரை யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அப்பா வருத்தப்பட மாட்டார். அவர் முப்பது வருடமாக அதைத்தான் கேட்கிறார்.

நைட்_ட்யூட்டி_அக்கா:
பேரா, தம்பி வேண்டுமென்றா சொன்னார்? பெரியவர் முகம் வாடக் கூடாதே என்றுதான்.

சட்ஸ்வொர்த்_பேரன்:
அக்கா, டிக்கெட் பணம் ரொட்டிக் கடையில் நின்று சேர்த்த பணம்.

அகுலாஸ்_வாத்தியார்:
கூலி எண் கையில் இருக்கிறதே. அதை வைத்துக் கப்பல், தாலுகா எல்லாம் சரிபார்த்திருக்கலாம். கொளத்தூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள். பெரியவரின் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.

ஜோபர்க்_சேலத்தான்:
நம்பர் வாங்கவில்லை சார். பேரனுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கைடு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. கோட்டை வாசலில், 1697-இல் ஆம்ஸ்டர்டாமில் வார்த்த அந்த மணிக்குக் கீழே இரண்டு பேரும் நிற்கிறோம். வெயில் நேராக அடித்ததால் அவர் கண்ணை மூடிவிட்டார். போன் மட்டும் கையில் விரித்தபடியே இருக்கிறது, திரையில் அந்தக் காகிதம். பெரிதாக்கிப் பார்த்தேன். கூலி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் அவர் கட்டைவிரலுக்குப் பின்னால்.