உருவரை இருப்பிடமா, இடக்குறிப்பா?

அனைவருக்கும் வணக்கம்,

நாளை இரவுக்குள் மொழிபெயர்ப்பை ஒப்படைக்க வேண்டும், மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, 'ஸ்கீமா லொகேஷன்' ஒன்றில் மட்டும் மூன்று நாளாக நிற்கிறேன். ஸ்கீமாவுக்கு, அதாவது எக்ஸ்எம்எல் (தரவைக் குறிகளிட்டு எழுதும் வடிவம்) கோப்பில் எது எப்படி வர வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்புக்கு, 'உருவரை' என்று போன வாரமே முடித்தாயிற்று (முனகல் இன்னும் கேட்கிறது, தெரியும்).

> 'இருப்பிடம்' போதுமே, மாணவர்களுக்கும் புரியும்.

புரியும், தவறாகப் புரியும். ஸ்கீமா லொகேஷன் என்று எக்ஸ்எம்எல் கோப்பின் தலையில் பெயர்வெளி (நேம்ஸ்பேஸ்) ஒன்று, பக்கத்திலேயே அதன் உருவரைக்கான முகவரி ஒன்று என்று இணை இணையாக எழுதுகிறோமே, 2001இல் வந்த விதிமுறைப்படி அது வெறும் துப்புதான். சரிபார்க்கும் நிரல் அங்கே போயே ஆக வேண்டும் என்பதில்லை, உருவரையை நாமே வேறு வழியில் கொடுத்தால் அதை வைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். உருவரைக்கு முந்தைய விதித்தொகுப்பான டிடிடியின் முகவரியிலும் இதே கூத்துதான்: எழுதியிருக்கிற இடத்துக்கே ஒவ்வொரு தடவையும் ஓடிய நிரல்களால் தங்கள் வழங்கிக்கு (சர்வர்) நாளொன்றுக்கு 13 கோடி கோரிக்கைகள் வரை வந்ததாக, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் புலம்பியது. அதனால்தான் 'இடக்குறிப்பு' என்கிறேன்.

> 'இடஞ்சுட்டி' இன்னும் அழகு.

கர்சர் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. சுட்டி என்றால் மவுஸ், சுட்டி என்றால் லிங்க். பாவம், அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம்.

> வரை என்றால் கோடு, எல்லை, மலை, மூங்கில். ஆகவே 'வரைவிடம்'.

ஐயா, மலையும் மூங்கிலும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அகத்திணையில் வரைவு என்றால் திருமணம், வரைவு கடாதல் படித்தவர்கள் இதைக் கல்யாண மண்டபம் என்று நினைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு வரைவு என்றால் டிராஃப்ட்.

> 'உருவரையிடக்குறிப்பு' என்று சேர்த்தெழுதுவதே முறை.

ஐகாரத்துக்குப் பின் யகர உடம்படுமெய், நன்னூல் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் சேர்த்தெழுதினால் 'உரு வரையிடக் குறிப்பு' என்றல்லவா கண் பிரிக்கிறது! பிரித்தே போடுகிறேன்.

அப்புறம் கேட்டலாக். வெளி முகவரியைத் தேடிப் பார்த்தால் நம் கணினியிலேயே இருக்கும் நகலைக் காட்டுகிற பட்டியல் அது. 'அடைவு' வேண்டாம், டைரக்டரியோடு மோதும். 'மாற்றிடப் பட்டியல்' எப்படி? காலை வரை பார்க்கிறேன்.

இடக்குறிப்புக்கு மூவர் சரி சொல்லிவிட்டார்கள், அதில் ஒருவர் 'ஏதோ ஒன்றைப் போடுங்கள்' என்றார், அதையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன். 'இருப்பிடம்' சொன்ன அம்மா இறங்கி வரவில்லை. உங்கள் மறுப்பைச் சொற்பட்டியலில் அடிக்குறிப்பாகப் போட்டுவிடட்டுமா அம்மா?