அபிலியேட், ஸ்பான்சர்டு - தமிழ்ல என்ன போடலாம்? (திங்கள்கிழமைக்குள்ள வேணும்)

எல்லாருக்கும் வணக்கம். லேசர் கட்டிங், பெண்டிங் (தகடு வளைக்கிறது), சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின்) ஜாப் ஒர்க் பண்ற பட்டறைகளை ஒப்பிட்டுக் காட்டுற தளம் ஒண்ணை தமிழ்ல கொண்டு வர்றோம். சில பட்டறைக்கு நம்ம லிங்க் வழியா ஆர்டர் போனா தளத்துக்கு கமிஷன் வரும் (அபிலியேட்), சில பட்டறை பட்டியல்ல மேல வர்றதுக்கே காசு கட்டியிருக்கு (ஸ்பான்சர்டு), ரெண்டையும் பட்டறை பேருக்குப் பக்கத்துலயே சொல்லியாகணும். 12 எழுத்துக்கு மேல இடமில்ல.
- கோவை

தம்பி, இணைப்புன்னு போட்டுடாதீங்க, லிங்க்குக்கும் அதே சொல்தான், "இணைப்பு இணைப்பு"ன்னு வந்து நிக்கும். இணைவுன்னா காலேஜ் ஞாபகம் வரும். அபிலியேட்டோட வேர் லத்தீன்ல மகன், அதாவது மகனா ஏத்துக்கிறது. அப்ப நமக்கு தத்து, லிங்க்குக்கு சுட்டி. தத்துச்சுட்டி!
- மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

ஐயா, தத்து வடசொல்லாச்சே, நீங்களா இப்படி? தத்துச்சுட்டின்னா தத்தெடுத்த வாலுப்பயன்னுதான் நினைப்பாங்க :) நம்மகிட்டயே ஆற்றுப்படை இருக்கு. பரிசு வாங்கின பாணன், எதிர்ல வர்ற ஏழைப் பாணனை அதே புரவலன்கிட்ட அனுப்புறான், தனக்கு என்ன கிடைச்சதுன்னு ஒண்ணு விடாம சொல்லிட்டுத்தான் அனுப்புறான். இதைவிட வெளிப்படையா யார் சொல்லுவா?
- திருச்சி

அங்க போறவனுக்கும் பரிசு கிடைக்கும், இங்க போறவன்தான் காசு குடுக்கணும். அனுப்பின பாணனுக்கு தலைக்கு இவ்வளவுன்னு கமிஷனும் கிடையாதுங்க.
- ஓசூர்

ஸ்பான்சருக்கு நாங்கள் இஞ்ச அனுசரணை எண்டுதான் சொல்லுறது, பேப்பரிலையும் அப்பிடித்தான்.
- யாழ்ப்பாணம்

இங்க அனுசரணைன்னா மாமியாரை அன்பா பாத்துக்கிறது :) ரேடியோவுல விளம்பரதாரர் நிகழ்ச்சின்னே கேட்டு வளந்தவங்க நாங்க.
- திருச்சி

ஒரு நிமிஷம். அமெரிக்காவுல வியாபாரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிசியே "அபிலியேட் லிங்க்"னு மட்டும் போட்டா ஜனங்களுக்குப் புரியாம போகலாம், கமிஷன் கிடைக்கும்னு நேரா சொல்லுங்கன்னு சொல்லுது. நம்ம நாட்டுலயும் 2022 ஜூன்ல வந்த தவறான விளம்பரத் தடுப்பு நெறிமுறைப்படி, பரிந்துரைக்கிறவருக்கும் விக்கிறவருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தா வெளிப்படையா சொல்லணும். இங்கிலீஷ்காரனுக்கே புரியாத சொல்லுக்கு நாம எதுக்கு வேர் தேடிக்கிட்டு, "கமிஷன் உண்டு"ன்னு போட்டா லேத் ஓட்டுறவர்ல இருந்து பர்ச்சேஸ் மேனேஜர் வரை எல்லாருக்கும் தெரியும்.
- ஓசூர்

கமிஷனா! அதுல கிரந்த ஷ வேற. தரகு இருக்கே!
- மதுரை

தரகுன்னு போட்டா "நான் என்ன மாட்டுத் தரகனா"ன்னு எங்க முதலாளியே கோவிச்சுக்குவாருங்க ஐயா.
- கோவை

ஞாயிறு ராத்திரி 11 ஆச்சு. "கமிஷன் உண்டு", "கட்டண விளம்பரம்". நாலு பேர் சரின்னுட்டீங்க, ரெண்டு பேர் பதிலே போடல, நான் ஏத்திட்டேன்.
- கோவை

என் எதிர்ப்பைக் குறிச்சு வைங்க. குறைஞ்சது கமிசன்னாவது மாத்துங்க தம்பி. தரகு "தா"ங்கிற அடியில பிறந்ததுங்கிறதுக்கு நாளைக்கு விரிவா எழுதறேன்.
- மதுரை