தமிழ்ப்பள்ளிகளில் குடற்புழு, இரத்தச்சோகை, வருகை: கென்யா ஆய்வை இங்கே அப்படியே செய்ய முடியுமா?

சிப்புட்_மாலா:
எல்லாருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காக மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளை எடுத்திருக்கிறேன். 2, 3-ஆம் ஆண்டுப் பிள்ளைகளின் ஹீமோகுளோபின், குடற்புழு, பள்ளி வருகை மூன்றுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். புழு மருந்து கொடுத்தால் பள்ளி வருகை கூடுகிறதா என்று பொருளியலாளர்கள் மிகேலும் கிரேமரும் கென்யாவின் புசியா மாவட்டத்தில் செய்த ஆய்வை (2004-இல் வெளிவந்தது) மாதிரியாக வைத்திருக்கிறேன்.

8 பள்ளி. 4 பள்ளிக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் புழு மாத்திரை, மற்ற 4-க்கு ஒன்றும் இல்லை. ஓராண்டு கழித்து வருகைப் பதிவேட்டை ஒப்பிடுவது. 8 போதுமா? பதிவேட்டை நம்பலாமா? இரத்தம், மலம் எடுக்கும்போது எங்கே சறுக்கும்? அனுமதிக்கு யார் யாரிடம் போக வேண்டும்?

புள்ளிக்கணக்கு:
8 போதாது டீச்சர். மருந்தைப் பள்ளி பள்ளியாகப் பிரித்துக் கொடுத்தால் ஆய்வின் அலகு பள்ளிதான், பிள்ளை இல்லை. 8 பள்ளியை நாலு நாலாகப் பிரிக்க மொத்தம் 70 வழிதான் உண்டு. மருந்து வாங்கிய நாலு பள்ளியும் மற்ற நாலையும் முழுதாக மிஞ்சினால்கூட, இருபக்கச் சோதனையில் கிடைக்கும் மிகச் சிறிய பி-மதிப்பு (மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 2/70, அதாவது 0.029. ஒரு பள்ளி இடம் மாறி நின்றாலே வழக்கமான எல்லையான 0.05-ஐத் தாண்டிவிடும். புசியாவில் 75 பள்ளி இருந்தன. 25 பள்ளிக்கு 1998-இல் மருந்து, அடுத்த 25-க்கு 1999-இல், கடைசி 25-க்கு 2001-இல். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை, முன்னே பின்னே கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் நோயின் அளவு. அங்கே தொடக்கத்தில் பரிசோதித்த பிள்ளைகளில் 92 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு புழு இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் பள்ளி முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருந்து கொடுக்கச் சொல்வது தொற்று 20 விழுக்காட்டைத் தொட்டால்தான். 50-ஐத் தாண்டினால் இரண்டு முறை. நம் நாட்டில் 1974 முதல் 1983 வரை பள்ளிகளில் தேசியப் புழு நீக்கத் திட்டம் நடந்தது. அன்றைய லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) கழிவறையும் குடிநீரும் வேறு, இன்று வேறு. இன்றைய தமிழ்ப்பள்ளியில் நிறையப் பிள்ளைகள் தாமான் (தோட்டத்துக்கு வெளியே உள்ள குடியிருப்பு) வீட்டிலிருந்து வேனில் வருகிறவர்கள். தொற்று எவ்வளவு என்று தெரியாமல் மருந்தின் பலனை அளக்கக் கிளம்பினால், கடைசியில் ‘பலன் இல்லை’ என்று வரும். அது மருந்தால் வந்ததா, புழுவே இல்லாததால் வந்ததா என்று உங்களால் சொல்ல முடியாது.

அதனால் மாத்திரையைத் தள்ளி வையுங்கள். முதலில் பரவல் ஆய்வு, அதாவது எத்தனை பிள்ளைக்கு இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது. இரத்தச்சோகை 20 விழுக்காடு இருக்கலாம் என்று வைத்து, 5 புள்ளி முன்பின் துல்லியம் வேண்டுமென்றால் தனிப் பிள்ளைக் கணக்கில் 246 பேர். ஆனால் ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் இதைப் பெருக்க வேண்டும்: பள்ளிக்கு எத்தனை பிள்ளை என்பதில் ஒன்றைக் கழித்து, உள்தொடர்புக் கெழுவால் (ஒரே பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற எண்) பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். பள்ளிக்கு 30 பேர், கெழு 0.1 என்றால் 3.9 மடங்கு, 246 என்பது 960 ஆகிறது, 32 பள்ளி. பள்ளிக்கு 15 பேர் மட்டும் எடுத்தால் 2.4 மடங்கு, 591 பேர், 40 பள்ளி. நம் பள்ளிகளில் பல 150 பேருக்கும் குறைவான சிறிய பள்ளிகள் என்பதால் இரண்டாவது கணக்குதான் உங்களுக்குப் பொருந்தும். சுங்கை சிப்புட் மட்டும் பற்றாது, கோல கங்சார், தாப்பா, பீடோர் பக்கமும் போக வேண்டியிருக்கும்.

கணினி_கந்தன்:
அந்தக் கென்யா ஆய்வே தப்பு என்று 2015-இல் நிரூபித்துவிட்டார்களே? அதை ஏன் இன்னும் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

புள்ளிக்கணக்கு:
தப்பு என்று முழுதாக நிரூபிக்கவில்லை தம்பி. மறு ஆய்வு செய்தவர்கள் மூலக் கோப்புகளை வாங்கித் திரும்பக் கணக்குப் போட்டார்கள். கணினி நிரலில் பிழை இருந்தது. அதனால் 3 முதல் 6 கிலோமீட்டர் தள்ளி இருந்த பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்ற எண் நிற்கவில்லை. மருந்து வாங்கிய பள்ளியில் வருகை கூடியது என்பது நின்றது. அதன் பிறகு புள்ளியியல் முறையைப் பற்றித் தனிச் சண்டை. இன்னும் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. தேர்வு மதிப்பெண் கூடியதாக மூல ஆய்வே சொல்லவில்லை, அதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டீச்சர், அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மாத்திரை இல்லை, வருகையை அளந்த விதம். அவர்கள் பள்ளிப் பதிவேட்டை நம்பவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் ஆள் போய் வகுப்பில் தலை எண்ணினார்கள். பதிவேட்டில் காலை போட்ட குறி நாள் முழுக்க நிற்கும். ஓய்வு நேரத்துக்குப் பிறகு பாட்டி வந்து கூட்டிப்போன பிள்ளையும் ‘வந்தது’ என்றே இருக்கும். பள்ளி மாறிப்போன பிள்ளையின் பெயர் சில வாரம் பட்டியலிலேயே கிடக்கும். நீங்களும் தேதியைக் குலுக்கல் முறையில் எடுங்கள், பெயர்ப் பட்டியலோடு போய் ஓய்வு நேரத்துக்குப் பிறகு எண்ணுங்கள். தீபாவளி, தைப்பூசம் ஒட்டிய நாட்களைக் குலுக்கலில் சேர்க்காதீர்கள். புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 200-ஐத் தாண்டிப் பள்ளி மூடிய நாளும், கை கால் வாய்ப்புண் நோயால் வகுப்பு மூடிய நாளும் வராத நாளாகக் கணக்கில் விழக் கூடாது.

காரணத்தையும் எழுதுங்கள். ‘உடம்பு சரியில்லை’ ஒரு குறி, ‘வேன் வரவில்லை’ தனிக் குறி. இரண்டையும் கலந்தால் சுகாதார ஆய்வு போக்குவரத்து ஆய்வாகிவிடும்.

மிஸ்ஸி_ராணி:
இரத்தம், மலம் பற்றி நான் சொல்கிறேன்.

விரல் நுனியில் குத்தி, ஹீமோகுளோபின் அளக்கும் ஹீமோகியூ என்ற சிறு கருவியில் பார்ப்பதுதான் பள்ளிக்குத் தோது. நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், நட்ட நடுவில் வேண்டாம். கை குளிர்ந்திருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்குங்கள். முதல் இரண்டு துளியைத் துடைத்துவிட்டு மூன்றாவதை எடுங்கள். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் குறையும். இல்லாத சோகையை நீங்களே உண்டாக்கினதாகிவிடும். குவெட்டை (இரத்தத் துளியை உறிஞ்சும் சிறு தகடு) ஒரே மூச்சில் நிறைய வேண்டும், குமிழி இருந்தால் தூக்கிப் போடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்குக் குவெட்டை டப்பாவைத் திறந்து வைப்பது பெரிய பாவம். ஒன்றை எடுத்ததும் மூடி.

வெட்டு எண்: 5 முதல் 11 வயது வரை டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. 8-க்குக் கீழே இருந்தால் கடுமையானது. அன்றைக்கே பெற்றோரைக் கூப்பிட்டு, கடிதத்தோடு அரசாங்க கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டை ஆய்வு தொடங்கும் முன்னமே கிளினிக்கில் பேசி வையுங்கள். கேமரன் மலைப் பள்ளி எதையாவது சேர்த்தால் உயரத்துக்காக எண்ணைத் திருத்த வேண்டும், சுங்கை சிப்புட்டுக்குத் தேவையில்லை.

சோகை என்றாலே இரும்புச்சத்துக் குறை என்று எழுதிவிடாதீர்கள். தலசீமியா (பரம்பரை இரத்தக் குறைபாடு) மரபணு உள்ள பிள்ளைக்கும் எண் குறைவாகத்தான் வரும். பணம் இருந்தால், குறைவாக வந்த பிள்ளைகளுக்காவது நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும்) சி-வினைப் புரதமும் (அழற்சியைக் காட்டும்) பாருங்கள். ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்பு இல்லை. காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறும், அப்போது வெட்டு எண் 70. ஆர்எம்டி (பள்ளியில் கொடுக்கும் கூடுதல் உணவுத் திட்டம்) உணவு வாங்கும் பிள்ளை எது, வாங்காத பிள்ளை எது என்பதையும் குறியுங்கள். அதை விட்டால் ஒப்பீடு முழுக்கக் கோணல்.

மலத்துக்குக் கட்டோ-காட்ஸ் முறை, அதாவது அச்சால் அளந்த மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் புழு முட்டையை எண்ணுவது. அச்சுத் துளை 41.7 மில்லிகிராம் பிடிக்கும், எண்ணின முட்டையை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வரும். ஒரு மாதிரிக்கு இரண்டு கண்ணாடி போடுங்கள். செலோபேன் தாளைக் கிளிசரின் கரைசலில் முதல் நாளே ஊறப்போட வேண்டும். கொக்கிப்புழு முட்டை அந்தக் கிளிசரினில் கரைந்து மறைந்துவிடும், 30 முதல் 60 நிமிடத்துக்குள் பார்த்தாக வேண்டும். உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பிறகு பார்க்கலாம். சாட்டைப்புழுவுக்கு ஒற்றை அல்பெண்டசோல் அரைகுறையாகத்தான் கேட்கும் என்பதையும் மனதில் வையுங்கள். நாளைக்கு மருந்துக் கட்டம் வந்தால் உதவும்.

வீட்டில் நடக்கும் கூத்து: அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மலம் எடுக்க டப்பா கொடுத்தால் ஒருவனுடையதே இரண்டிலும் வரும். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை போதும்.

பழைய_எச்எம்:
அனுமதி இரண்டு தனி வழி. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதும் ஆயிற்று என்று நினைப்பவர்கள் அதிகம்.

பள்ளிக்குள் நுழைய: கல்வி அமைச்சின் இபிஆர்டி (கல்வித் திட்டமிடல், ஆய்வு) பிரிவுக்கு இராஸ் 2.0 (eRAS) என்ற இணைய விண்ணப்ப முறையில் விண்ணப்பம். அந்தக் கடிதத்தோடு மாநிலக் கல்வி இலாகா, பிறகு தலைமையாசிரியர். இது பள்ளிக்கதவைத் திறக்கும், ஊசி குத்த உரிமை தராது. அதற்கு மருத்துவ நெறிமுறைக் குழு வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று. அரசாங்க கிளினிக்கோ அதன் ஊழியரோ சம்பந்தப்பட்டால் என்எம்ஆர்ஆர் (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழுவும் சேரும். நெறிமுறைக் குழுவுக்கு முதலில் போங்கள். அங்கே கேள்வித்தாளைத் திருத்தச் சொன்னால் இபிஆர்டியில் கொடுத்ததும் மாற வேண்டும்.

பெற்றோர் கையெழுத்து கட்டாயம். பிள்ளையிடமும் அதற்குப் புரிகிற மாதிரி சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அழுகிற பிள்ளையைப் பிடித்துக் குத்தக் கூடாது. படிவம் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். சில வீட்டில் தமிழ் பேசுவார்கள், மலாய்தான் வாசிப்பார்கள். பையில் போட்டு அனுப்பினால் பாதி திரும்பி வராது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று மேசை போட்டு உட்காருங்கள். லயத்து வீட்டுக் கழிவறை, தண்ணீர்க் குழாய் பார்ப்பதாக இருந்தால் தோட்ட நிர்வாகியிடம் தனியாகக் கடிதம் வேண்டும், அது தனியார் நிலம்.

இன்னொன்று. வருகை தவிரக் கல்வித் தரத்தையும் அளக்க நினைத்தால், யுபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டுப் பொதுத் தேர்வு) 2021-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. வகுப்பறை மதிப்பீட்டு நிலை 1 முதல் 6 வரை ஆசிரியர் போடுவது, பள்ளிக்குப் பள்ளி கை மாறும். நீங்களே ஒரு நிமிட வாசிப்புச் சோதனை வைப்பது மேல்.

சிப்புட்_மாலா:
நன்றி ஐயா, நன்றி மிஸ்ஸி. மருந்தை எடுத்துவிட்டுப் பரவல் ஆய்வாக மாற்றி மேற்பார்வையாளரிடம் கொடுக்கிறேன், பள்ளிக்கு 15 பேர் கணக்கில். ஒரே ஒரு சந்தேகம்: வெள்ளிக்கிழமை டப்பா கொடுத்துத் திங்கட்கிழமை வாங்கினால் பெற்றோருக்கு வசதியாக இருக்குமே?

மிஸ்ஸி_ராணி:
வேண்டாம் கண்ணு. இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்துவிடும், உங்கள் கணக்கில் அது பூஜ்யமாகத் தெரியும். திங்கள் முதல் புதன் வரை மாலையில் கொடுத்து மறுநாள் காலை வாங்குங்கள். பெட்டியில் ஐஸ் பை போட்டு எடுத்துவந்து அன்றைக்கே கண்ணாடி போடுங்கள், உறைய வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு நுண்ணோக்கியில் எத்தனை கண்ணாடி பார்க்க முடியும் என்பதை வைத்துத்தான் டப்பா எண்ணிக் கொடுக்க வேண்டும். டப்பாவின் மேல் பெயர் வேண்டாம், எண் மட்டும், அழியாத மையில். மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறும்.