அருகிலுள்ள மருந்தகம்: கேடி மரம் அக்கரையைக் காட்டுகிறது

கேள்வி (நோர்வூட்):
தோட்ட லயன்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மிக அருகிலுள்ள மருந்தகத்தைத் தேடும் நிரல் எழுதுகிறேன். பைத்தன் மொழிக்கான சைபை (SciPy) நூலகத்தின் கேடி மரம் (k-d tree: புள்ளிகளை இடவாரியாகப் பிரித்து வைத்து, அருகிலுள்ளதை விரைவாகத் தேடும் தரவுக் கட்டமைப்பு) கண்ணிமைக்கும் நேரத்தில் விடை தருகிறது. ஆனால் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அக்கரையைக் காட்டுகிறது! பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை அங்கே எப்படிக் கொண்டுபோவது? அகலாங்கு, நெட்டாங்குப் பாகைகளைக் கிலோமீட்டராக மாற்றாமல் அப்படியே கொடுத்ததுதான் காரணமா?

பதில் (பதுளை):
இல்லை தம்பி. நம் இலங்கைத் தீவில் அகலாங்கு, நெட்டாங்கு இரண்டிலும் ஒரு பாகை ஏறத்தாழ 110 கிலோமீட்டர்தான்; அதனால் எது அருகில் என்பது பெரிதாக மாறாது. 1975இல் கணினி அறிஞர் பென்ட்லி வெளியிட்ட அந்த மரம் நேர்கோட்டுத் தூரத்தையே அளக்கும். நீரும் மலையும் அதற்குத் தெரியாது. மரத்திடம் ஒன்றல்ல, பத்து அயல்புள்ளிகளைக் கேளுங்கள். அந்தப் பத்துக்கு மட்டும் பாதைத் தூரம் கணக்கிட்டு வரிசைப்படுத்துங்கள்.

பதில் (ஹட்டன்):
பத்தும் அக்கரையிலேயே விழக்கூடும். பாதைத் தூரம் ஒருபோதும் நேர்கோட்டைவிடக் குறையாது. ஆகவே அடுத்த புள்ளியின் நேர்கோட்டுத் தூரம், கிடைத்த மிகக் குறைந்த பாதைத் தூரத்தைத் தாண்டும்வரை தேடலை நிறுத்தாதீர்கள்.