ஒரே தகப்பனுக்கு இரண்டு குடும்பப் பெயரா? பால்க்விடர் ஞானஸ்நானப் பதிவில் சந்தேகம்

வேர்தேடி:
வணக்கம். என் கணவருடைய அம்மா வழி ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயர் பக்கம், பால்க்விடர். 1855-க்கு முந்திய சபைப் பதிவேடுகளில் தேடுகிறேன். 1771-இல் மூத்த பிள்ளையின் ஞானஸ்நானத்தில் தகப்பன் ஜான் டிரம்மண்ட். 1778-இல் அடுத்த பிள்ளைக்கு ஜான் "டிரம்மண்ட் அலையஸ் மெக்கிரெகர்". 1784-இல் வெறும் ஜான் மெக்கிரெகர். ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா? அலையஸ் (மறுபெயர்) என்று போட்டிருப்பதால் ஏதாவது குற்ற வழக்கு இருந்திருக்குமா? மாமியாரிடம் சொல்வதற்கு முன் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழஞ்சுவடி:
அவர் மேல் வழக்கு இருந்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு பெயரிலும் அறியப்பட்டவர், அவ்வளவுதான். சில ஏடுகளில் "அல்லது" என்றும் எழுதியிருப்பார்கள்.

மெக்கிரெகர் என்ற பெயரையே 1603-இல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் காலத்தில் தடைசெய்தார்கள். மீறினால் மரண தண்டனை. 1661-இல் தடை நீங்கியது, 1693-இல் திரும்பி வந்தது, 1774-இல்தான் ஒரேயடியாகப் போனது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குலத்தார் கேம்ப்பெல், டிரம்மண்ட், மரே, கிரேயம் என்று வேறு பெயர்களில் வாழ்ந்தார்கள். பால்க்விடரிலேயே அடக்கமான, அந்தக் குலத்தின் புகழ்பெற்ற ராப் ராய்கூட தாய்வழிப் பெயரான கேம்ப்பெல்லை வைத்துக்கொண்டவர்தான். உங்கள் மூன்று வருடங்களும் இந்த வரலாற்றோடு நன்றாகவே பொருந்துகின்றன.

ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஜான் என்ற பெயர் அங்கே ஏராளம். தாயின் பெயரைப் பாருங்கள். ஸ்காட்லாந்துப் பதிவுகளில் பெரும்பாலும் அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே எழுதுவார்கள். நமக்குப் பெரிய உதவி அதுதான். அப்புறம், பண்ணைப் பெயர் என்ன?

வேர்தேடி:
தாய் மூன்றிலும் ஒரே பெயர், ஃபெர்குசன் வீட்டுப் பெண். பண்ணை முதல் இரண்டில் ஒன்று, 1784-இல் வேறு.

பழஞ்சுவடி:
குத்தகைக்காரர்கள் பண்ணை மாறுவது சகஜம், அது தடையில்லை. திருமணப் பதிவைத் தேடுங்கள். 1771-க்கு முன் என்றால் பெயர்த் தடை இருந்த காலம். டிரம்மண்டில்தான் முதலில் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் கிரெகர், கிரெகரி, மெக், மாக் என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். சபை மூப்பர் கூட்டக் குறிப்பேடுகளையும் விடாதீர்கள்.

கடலோரம்:
ஒரு எச்சரிக்கை: இரட்டைப் பெயர் என்றாலே மெக்கிரெகர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பார்ப்பது வடகிழக்குக் கடற்கரை மீனவர் ஊர்கள். பக்கி என்ற ஊரில் கௌவி, ஸ்மித் குடும்பங்கள் அத்தனை பேர், ஆளை அடையாளம் காண ஒரு பட்டப்பெயரும் சேர்த்தே எழுதுவார்கள். மேட்டுநிலத்தில் கேலிக் மொழிப் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றி, மெக்கின்டயர் என்பது ரைட் என்று ஆனதும் உண்டு. மணமான பெண்ணின் மரணப் பதிவில் இரண்டு வீட்டுப் பெயரும் வரலாம். எந்த ஊர், எந்த வருடம் என்று பார்த்த பிறகே காரணத்தை யோசிக்க வேண்டும்.

வேர்தேடி:
இருவருக்கும் மிக்க நன்றி. டிரம்மண்ட் பெயரில் தேடியதும் 1769-இல் திருமணம் கிடைத்துவிட்டது! மணமகள் அதே ஃபெர்குசன் பெண், பண்ணையும் முதல் இரண்டு பதிவுகளில் உள்ளதுதான். வம்சாவளியில் எந்தப் பெயரைப் போடுவது?

பழஞ்சுவடி:
ரொம்ப சந்தோஷம். ஒவ்வொரு பதிவிலும் உள்ளபடியே, வருடத்தோடு எழுதுங்கள். 1771-இன் டிரம்மண்டை மெக்கிரெகர் என்று திருத்திவிட்டால் அடுத்துத் தேடுகிறவருக்கு மூலப் பதிவு கிடைக்காது. ஜானின் சொந்த ஞானஸ்நானத்தையும் டிரம்மண்டிலேயே தேடத் தொடங்குங்கள்.