மனச்சோர்வுக்கு நடையும் தூக்கமும் போதுமா?

கோவைக்காரன்:
போன வாரம் ஒரு தம்பி இங்கே கேட்டிருந்தார்: அக்காவுக்கு டிப்ரஷன் என்று டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார், அதை ஆரம்பிப்பதா, இல்லை நடை, சாப்பாடு, தூக்கம் இவற்றைச் சரி செய்து பார்ப்பதா என்று. பதில் போட்ட எல்லோரும் மாத்திரைதான் என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் மனச்சோர்வு உள்ள, 50 வயதைத் தொட்ட அல்லது கடந்த 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு செர்ட்ரலின் மாத்திரை, இன்னொன்றுக்கு உடற்பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே முன்னேற்றம். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை கொடுப்பதை வழக்கமாக்காதீர்கள் என்கிறது. பழக்கவழக்கத்தை ஏன் கடைசியில் வைக்கிறோம்?

வாசகி:
அண்ணா, எழுந்து பல் தேய்க்கக்கூட முடியாமல் படுத்துக் கிடந்தவள் நான். வீட்டில் அத்தனை பேரும் இதைத்தான் சொன்னார்கள்: "நாலு தெரு நடந்துட்டு வா, எல்லாம் சரியாப் போயிடும்." எழுந்து நடக்க முடியாததுதானே எனக்கு வந்த நோய்? அவர்கள் சொல்லச் சொல்ல, இதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

நீங்கள் சொன்ன டியூக் ஆய்வில் யாரும் வீட்டில் தனியாக நடக்கவில்லை. வாரம் மூன்று முறை ஓரிடத்துக்கு வந்து, மேற்பார்வையில், கூட்டமாகச் செய்தார்கள். சொல்லி மட்டும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, 361 பேர். வழக்கமான சிகிச்சையோடு, உடலை அசைக்கச் சொல்லி ஆலோசனையும் ஊக்கமும் கொடுத்தார்கள். நடமாட்டம் கூடியது, மனச்சோர்வு குறையவில்லை. நைஸ் வழிகாட்டுதலிலும் "நோயாளியே விரும்பினால் தவிர" என்று ஒரு வரி இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள்.

பழைய வாத்தியார்:
எங்கள் காலத்தில் விடியற்காலை எழுந்தோம், வயலில் வேலை செய்தோம், கூட்டுக்குடும்பமாக இருந்தோம். இப்படி ஒரு நோயை நாங்கள் பார்த்ததே இல்லை.

இரவுப்பணி செவிலி:
ஐயா, இருந்தது. செய்வினை என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள், சோம்பேறி மருமகள் என்றார்கள். பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல்தான் இருந்தார்கள். வயலில் வேலை செய்கிறவர்களும் இதில் அடக்கம்.

கோவைக்காரர், வாசகி இரண்டு பேருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டிலேயே, கோவாவில், விக்ரம் படேல் குழுவினர் ஒரு ஆய்வு செய்து 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 495 பேர், எல்லோருக்கும் ஓரளவு கடுமையான அல்லது மிகக் கடுமையான மனச்சோர்வு. அவர்களிடம் பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர் ஆட்கள். 6 முதல் 8 அமர்வு. மனசு சரியாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒரு காரியத்தை முதலில் செய்ய வைப்பதுதான் முறை. எதைச் செய்தால் கொஞ்சம் இலேசாக இருக்கிறது, எதைத் தவிர்ப்பதால் பாரம் கூடுகிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். மறுமுறை வரும்போது எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று கேட்பார்கள். மூன்று மாதத்தில் இந்தப் பிரிவில் 64 சதவீதம் பேர் மீண்டார்கள். இது இல்லாமல் மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம்.

கோவைக்காரன்:
அப்படியென்றால் கடுமையான மனச்சோர்வுக்கே பழக்கம் வேலை செய்கிறது. நான் சொன்னதும் இதுதானே?

வாசகி:
இல்லை அண்ணா. மருத்துவர் கவனிப்பு இரண்டு பிரிவுக்கும் இருந்தது, அதற்கு மேல்தான் இந்த அமர்வுகள். தேவைப்பட்டவருக்கு மாத்திரையை யாரும் தடுக்கவில்லை. அப்புறம், நூற்றுக்கு 64 பேர் மீண்டார்கள் என்றால் 36 பேர் மீளவில்லை. அவர்களிடம் போய் நீங்கள் சரியாக நடக்கவில்லை என்று சொல்வீர்களா? எனக்கு மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்துத்தான் வாசல்வரை போகும் தெம்பே வந்தது. நடை அதற்குப் பிறகு.

கோவைக்காரன்:
உங்களுக்கு அப்படி நடந்ததை நான் மறுக்கவில்லை அம்மா. ஆனால் என் தெருவில் நான் பார்ப்பது வேறு. சில நிமிடப் பேச்சில் மாத்திரை எழுதுகிறார்கள். தூக்கம் எப்படி, குடிக்கிறாரா, தைராய்டு பார்த்தாயிற்றா என்று கேட்பதில்லை. பக்கவிளைவு வரும் என்றும் சொல்வதில்லை. எடை கூடி, தாம்பத்திய ஆர்வம் குறைந்து, பயந்துபோய் திடீரென்று நிறுத்திவிடுகிறார்கள்.

இரவுப்பணி செவிலி:
திடீரென்று நிறுத்துவது ரொம்பத் தவறு. தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும், பரிசோதித்துவிடுவது நல்லது. குடி தற்காலிகமாகத் தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும், மனச்சோர்வைக் கூட்டும். தூக்கத்துக்கு எல்லோரும் படுக்கும் நேரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எழும் நேரத்தை ஒரே நேரமாக வைத்துக்கொள்வது அதைவிட உதவும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

அக்காவுக்காகக் கேட்ட தம்பி:
கேள்வி கேட்டவன் நான்தான். மாத்திரை ஆரம்பித்துவிட்டோம். சாயங்காலம் நானே அக்காவை நடக்கக் கூட்டிப் போகலாமா?

வாசகி:
கூப்பிடுங்க தம்பி. "நடந்தா சரியாயிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கடைக்குப் போறேன், வர்றியா" போதும். வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாமல் நாளைக்கும் கேளுங்கள். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்பதுபோல ஏதாவது சொன்னால் தனியாக விடாதீர்கள், டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்பார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

கோவைக்காரன்:
தம்பி, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இரண்டு கேளுங்கள்: அக்காவுக்கு எந்த அளவு தீவிரம், மாத்திரை எவ்வளவு காலம். லேசானது என்றால் பழக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. ஆனால் ஆரம்பித்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம்.